டியூக்கும் கரோலினாவும்: ஒரு பங்காளிச் சண்டை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட கரோலினாவில் கேரி, மோரிஸ்வில், டர்ஹம் பக்கம் குடிவரும் தமிழ்க் குடும்பங்கள் முதல் பிப்ரவரியிலேயே ஒரு விஷயத்தைக் கவனித்துவிடுகின்றன. அலுவலகத்தில் அமைதியாக இருந்த ஆள் திடீரென்று நீலச் சட்டையில் வந்து பக்கத்து மேசைக்காரரை முறைக்கிறார். பக்கத்து மேசைக்காரரும் நீலம்தான், ஆனால் வேறு நீலம். விருந்துக்கு வரும் உறவினர்களுக்கும் புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கும் பல வருடமாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

எந்த இரண்டு கல்லூரிகள்? எவ்வளவு தூரம்?

ஒன்று, சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகம். உள்ளூரில் யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை. 'கரோலினா' என்பார்கள், அல்லது யூஎன்சி. இன்னொன்று, டர்ஹமில் உள்ள டியூக் பல்கலைக்கழகம். இரண்டுக்கும் இடையே சுமார் 16 கிலோமீட்டர். 15-501 என்ற நெடுஞ்சாலையில் ஏறினால், வண்டி நெரிசல் இல்லாத நேரத்தில் இருபது நிமிடம். தாம்பரத்திலிருந்து கிண்டிக்குப் போகிற தூரம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் கூடைப்பந்தில் அமெரிக்காவின் மிகப் பெரிய பெயர்கள். ஆண்கள் தேசியப் பட்டத்தைக் கரோலினா 6 முறையும் டியூக் 5 முறையும் வென்றிருக்கின்றன. இப்படி இரண்டு அணிகள் ஒரே மாநிலத்தில் இருப்பதே அதிசயம். இவை ஒரே பேருந்துத் தடத்தில் இருக்கின்றன.

சண்டை எப்படி ஆரம்பித்தது?

எல்லாப் பங்காளிச் சண்டையையும் போல, சொத்திலும் அந்தஸ்திலும்தான்.

கரோலினா அரசுப் பல்கலைக்கழகம். அமெரிக்காவில் மாணவர்களுக்குக் கதவு திறந்த முதல் அரசுப் பல்கலைக்கழகம் அதுதான், 1795ல். முதல் மாணவன் ஹின்டன் ஜேம்ஸ். வில்மிங்டன் பக்கத்திலிருந்து நடந்தே வந்து சேர்ந்தான் என்று சொல்வார்கள். அவன் வந்து இரண்டு வாரம் வரை கல்லூரியில் வேறு மாணவனே கிடையாது. இன்று அவன் பெயரில் ஒரு விடுதி இருக்கிறது.

டியூக் அப்போது டியூக்கே இல்லை. டிரினிட்டி என்ற சின்ன மெத்தடிஸ்ட் கல்லூரி. கிராமப்புறத்தில் இருந்ததை 1892ல் டர்ஹமுக்குக் கொண்டுவந்தார்கள். டர்ஹம் அப்போது புகையிலை ஊர். டியூக் குடும்பம் சிகரெட்டில் சம்பாதித்த குடும்பம். 1924ல் ஜேம்ஸ் பியூகனன் டியூக் 4 கோடி டாலர் நிதியம் ஒன்றை ஏற்படுத்தினார். கல்லூரி பெயரை மாற்றிக்கொண்டது, காட்டை வெட்டிக் கோதிக் பாணியில் கல் கட்டடங்கள் எழும்பின, நடுவில் 210 அடி உயரத்தில் ஒரு தேவாலயக் கோபுரம். சேப்பல் ஹில்காரர்கள் பார்வையில் இது நேற்று பணம் பார்த்த பங்காளி கட்டிய மாளிகை. டியூக்காரர்கள் பார்வையில் அது அரசாங்கப் பள்ளிக்கூடம்.

ஆட்டத்தில் மோதியது அதற்கும் முன்னால். 1888 நவம்பரில் நடந்த அமெரிக்கக் கால்பந்தில் டிரினிட்டி 16–0 என்று ஜெயித்தது. சில வருடத்தில் டிரினிட்டி கால்பந்தையே தடை செய்துவிட்டது, கால் நூற்றாண்டுக்கு. கூடைப்பந்தில் முதல் ஆட்டம் 1920 ஜனவரி 24. கரோலினா 36–25. ஆண்கள் கூடைப்பந்தின் மொத்தக் கணக்கில் கரோலினா முன்னால்தான் இருக்கிறது. டியூக் ரசிகரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். "1980க்கு அப்புறம் கணக்குப் பார்" என்று ஆரம்பித்துவிடுவார்.

இரண்டும் நீலம் என்றால் எப்படித்தான் கண்டுபிடிப்பது?

வெளிர் நீலம், அதாவது வெயில் நாளின் வானம், கரோலினா. கடவுள் கரோலினாக்காரர் இல்லையென்றால் வானத்துக்கு ஏன் இந்த நிறம் என்று வண்டியின் பின்னால் ஒட்டிக்கொண்டு போவார்கள். கருநீலம் டியூக்.

பெயர்களையும் தெரிந்துகொள்ளுங்கள். கரோலினா அணியினர் 'டார் ஹீல்ஸ்', தார் ஒட்டிய குதிகால்காரர்கள். இந்த மாநிலத்தில் ஒருகாலத்தில் பைன் மரத்திலிருந்து தாரும் டர்பன்டைனும் எடுப்பதுதான் தொழில். கேலியாக வந்த பெயரைப் பெருமையாக எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் அடையாளம் ஒரு செம்மறிக் கிடா. 1924ல் டெக்சாஸிலிருந்து 25 டாலருக்கு வாங்கி வரவழைத்தார்கள். அது வந்து நடந்த முதல் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தன்று ஓர் ஆட்டக்காரர் கிடாவின் தலையைத் தடவிவிட்டுப் போய்ப் பந்தை உதைத்தார், 3–0 என்று ஜெயித்தார்கள், கிடா நிரந்தரமாகிவிட்டது.

டியூக் அணியினர் 'புளூ டெவில்ஸ்', நீலப் பிசாசுகள். முதல் உலகப் போரில் பிரான்சின் மலைப் படைப்பிரிவுக்கு இருந்த பட்டப்பெயர் அது. ஒரு மெத்தடிஸ்ட் சபைக் கல்லூரி பிசாசைச் சின்னமாக வைத்துக்கொண்டது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

எத்தனை விளையாட்டுகளில் மோதுகிறார்கள்? மொத்தக் கணக்கு யாராவது வைக்கிறார்களா?

கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து, நாம் கால்பந்து என்று சொல்கிற சாக்கர், பேஸ்பால், லக்ராஸ், ஃபீல்ட் ஹாக்கி, வாலிபால், டென்னிஸ், கோல்ஃப், நீச்சல், வாள்வீச்சு, மல்யுத்தம், தடகளம், படகு. இதில் பாதி ஆண்கள், பெண்கள் என இரண்டு பிரிவாக நடக்கும். ஆகஸ்டிலிருந்து மே வரை ஏதாவது ஒரு மைதானத்தில் இரண்டு நீலமும் மோதிக்கொண்டுதான் இருக்கும்.

மொத்தக் கணக்கு வைக்க ஒருமுறை முயன்றார்கள். 2000களில் ஒரு நகைக்கடை நிறுவனத்தின் பெயரில் 'கார்லைல் கோப்பை' என்று ஒன்று இருந்தது. எல்லா விளையாட்டுகளிலும் நேருக்கு நேர் மோதியதைக் கூட்டிப் பார்த்து, வருட முடிவில் யாருக்குப் புள்ளி அதிகமோ அவர்களுக்குக் கோப்பை. சில வருடத்தில் நின்றுபோனது.

அது ஏன் ஒட்டவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் உண்டு. கோல்ஃபும் நீச்சலும் சேர்த்துக் கூட்டி மே மாதக் கடைசியில் வருகிற முடிவை யார் தெருவில் இறங்கிக் கொண்டாடுவது? பங்காளிகள் சண்டையில் யாரும் மொத்த நிலக்கணக்கைப் பார்ப்பதில்லை, அந்த ஒரு வரப்பைத்தான் பார்ப்பார்கள். இங்கே அந்த வரப்பு கூடைப்பந்து.

ஆனால் மொத்தக் கணக்கு தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன். எல்லா விளையாட்டையும் சேர்த்துச் சிறந்த கல்லூரிக்கு அமெரிக்க அளவில் 'டைரக்டர்ஸ் கோப்பை' தருகிறார்கள். 1993–94ல் அதை முதன்முதலாக வாங்கியது கரோலினா. அதற்கு அப்புறம் கால் நூற்றாண்டுக்கு ஸ்டான்ஃபோர்டைத் தவிர வேறு யாரும் தொடமுடியவில்லை. கரோலினாவை வெறும் கூடைப்பந்துக் கல்லூரி என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். டியூக்கும் சளைத்ததல்ல: பெண்கள் கோல்ஃபில் ஏழு தேசியப் பட்டம், ஆண்கள் லக்ராஸில் மூன்று.

கூடைப்பந்துக்கு மட்டும் ஏன் இந்த வெறி?

வருடத்துக்கு இரண்டு முறை நிச்சயம் ஆடுவார்கள், ஆளுக்கு ஓர் ஊரில். ஒன்று பெரும்பாலும் பிப்ரவரி தொடக்கத்தில், இன்னொன்று மார்ச்சில், வழக்கமான பருவத்தின் கடைசி ஆட்டமாக. கடைசி ஆட்டம் என்பதால் படிப்பு முடிந்து போகும் மாணவர்களுக்கு வழியனுப்பும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

இரண்டு அரங்கமும் குணத்தில் நேர் எதிர். டியூக்கின் கேமரன் உள்ளரங்கம் 1940ல் திறந்தது. 9,314 பேர்தான் உட்காரலாம். மாணவர்கள் ஆடுகளக் கோட்டுக்குப் பக்கத்திலேயே நிற்பார்கள். எதிரணிக்காரர் பந்தை உள்ளே எறியக் கோட்டோரம் வந்தால் அவர் முதுகில் நாற்பது கை ஆடும். கரோலினாவின் டீன் ஸ்மித் அரங்கம் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல், 21,000க்கு மேற்பட்டோர். 1986 ஜனவரியில் அதைத் திறந்ததே டியூக்குக்கு எதிரான ஆட்டத்தோடுதான்; கரோலினா 95–92.

எந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டாலும் ஒரு கதை வரும். 1974ல் கடைசி 17 நொடியில் 8 புள்ளி பின்தங்கியிருந்த கரோலினா சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 96–92 என்று ஜெயித்தது. மூன்று புள்ளி எறிதலே இல்லாத காலம் அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1979ல் கரோலினா பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நேரத்தை ஓட்ட, பாதி ஆட்டத்தில் 7–0. ஆம், கூடைப்பந்தில். இரண்டாம் பாதி இருவருக்கும் 40–40, ஆக டியூக் 47–40. 1995ல் டியூக்கின் ஜெஃப் கேப்பல் நடுக்கோட்டுப் பக்கத்திலிருந்து எறிந்தது உள்ளே விழுந்து ஆட்டம் இரண்டாவது கூடுதல் நேரத்துக்குப் போனது. இன்றும் அந்த எறிதலைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். ஆட்டத்தில் தோற்றது டியூக் என்பது பாதிப் பேருக்கு மறந்தே போய்விட்டது.

2019ல் நடந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். டியூக்கின் நட்சத்திர ஆட்டக்காரர் ஸயான் வில்லியம்சன், ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, திரும்பிய வேகத்தில் அவர் போட்டிருந்த நைக்கி ஷூ பிய்ந்து கால் வெளியே வந்துவிட்டது. ஒபாமா முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கில் டாலர் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் வில்லியம்சனை அரை நிமிடம் பார்த்தார்கள்.

டியூக் மாணவர்கள் டிக்கெட்டுக்காகக் கூடாரம் போட்டுத் தூங்குவது உண்மையா?

உண்மை. கேமரன் அரங்கத்துக்கு வெளியே ஒரு புல்வெளி இருக்கிறது. அதற்குப் பெயரே 'ஷெஷெவ்ஸ்கிவில்', பயிற்சியாளர் மைக் ஷெஷெவ்ஸ்கியின் பெயரில். அந்தப் பெயரை எழுத்துப் பிழை இல்லாமல் ஆங்கிலத்தில் எழுதுகிறவர் குறைவு என்பதால் ஊரே அவரைக் 'கோச் கே' என்றுதான் கூப்பிடும். 1986ல் சில மாணவர்கள் கரோலினா ஆட்டத்துக்கு முந்தைய நாட்களில் அங்கே கூடாரம் போட்டார்கள். அது இப்போது தனிச் சட்டதிட்டத்தோடு நடக்கும் ஒரு சிற்றூர்.

இளநிலை மாணவர்களுக்கு டிக்கெட் இலவசம், எல்லாருக்கும் இடம்தான் கிடையாது. அதனால் பன்னிரண்டு பேர் வரை சேர்ந்து ஒரு கூடாரம். ஜனவரியிலேயே வந்துவிடுகிறவர்கள் 'கருப்புக் கூடாரம்'. அவர்களில் பகலில் இரண்டு பேர், இரவில் பத்துப் பேர் உள்ளே இருந்தே ஆகவேண்டும். பிறகு வருகிற நீலக் கூடாரத்துக்கும் வெள்ளைக் கூடாரத்துக்கும் விதி கொஞ்சம் தளர்வு. வரிசைக் கண்காணிப்பாளர் என்று மாணவர்களே இருக்கிறார்கள். நேரம் சொல்லாமல் வந்து அழைப்பார்கள். இரவு இரண்டு மணிக்கும் வரலாம். கூப்பிட்ட நேரத்தில் ஆள் குறைந்தால் ஒரு தவறு கணக்கில் ஏறும், இன்னொரு முறை குறைந்தால் வரிசையின் கடைசிக்கு.

நான் ஒரு ஜனவரி கடைசியில், முந்தின நாள் பெய்த மழை காயாத பிற்பகலில் அங்கே போய்ப் பார்த்தேன். கூடாரங்களுக்கு அடியில் மரப்பலகை முட்டுக்கொடுத்து, மேலே கடைத்தெருவில் போடுவது போல நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். ஒரு பையன் ஈரக் காலுறையை லேப்டாப் மூடியின் மேல் காயப்போட்டுவிட்டு, போர்வைக்குள் உட்கார்ந்து கெமிஸ்ட்ரி வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தான். "வீட்டில் தெரியுமா?" என்று கேட்டேன். அம்மாதான் தூங்கும் பை அனுப்பினார் என்றான்.

முதுநிலை, ஆராய்ச்சி மாணவர்களுக்கு வேறு முறை. நம் ஊரிலிருந்து வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் இந்த வகைதான் என்பதால் சொல்கிறேன். இலையுதிர்காலத்தில் ஒரு வார இறுதி முழுக்க வாகன நிறுத்துமிடத்தில் தங்கவேண்டும். சாமான் ஏற்றும் வாடகை லாரியின் பின்பக்கத்தில் படுக்கை போட்டுத் தூங்குவார்கள். ராப்பகல் பாராமல் வருகைப் பதிவு. தாக்குப்பிடித்தவர்கள் பெயரைக் குலுக்கிப் போட்டு, விழுந்தவருக்குப் பருவம் முழுவதற்குமான டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கும் உரிமை. இந்தியாவில் ஒரு பந்துகூட எறிந்து பார்க்காத பிள்ளைகள் அங்கே அட்டவணை போட்டு முறைவைத்துத் தூங்குவதைப் பார்க்கலாம். தட்கல் டிக்கெட் எடுத்த அனுபவம் வீண்போகாது.

ஜெயித்தால் நெருப்பு வைப்பார்களாமே, பயமில்லையா?

வைப்பார்கள். டியூக்கில் மர பெஞ்சுகளை வளாகத்துக்குள்ளேயே எரிப்பது வழக்கம். தீயணைப்புத் துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி வைத்திருப்பார்கள். ஜெயிப்போம் என்று அரசாங்கத்திடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது எனக்குப் பிடித்த ஒரு விஷயம். கரோலினாவில் மாணவர்கள் ஃபிராங்க்ளின் தெருவுக்கு ஓடுவார்கள். நடுத்தெருவில் தீ மூட்டித் தாண்டுவார்கள். போகியும் தீமிதியும் ஒரே இரவில் வந்தது போல இருக்கும். ஆட்டம் முடிந்த பத்தாவது நிமிடம் தெரு நிரம்பிவிடும். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போகவேண்டாம்.

மணி என்கிறார்களே, அது என்ன?

அமெரிக்கக் கால்பந்துக்கான பரிசு. பழைய ரயில் எஞ்சினிலிருந்து எடுத்த மணி, சக்கரம் வைத்த வண்டியில் மாட்டியிருக்கும். இரண்டு கல்லூரிகளின் உற்சாகக் குழுத் தலைவர்கள் சேர்ந்து 1948ல் தொடங்கினார்கள். ஜெயித்தவர் வண்டியைத் தன் நீலத்தில் பெயிண்ட் அடித்துக்கொள்வார். 2014ல் கரோலினா ஆட்டக்காரர்கள் வெற்றி போதையில் டியூக்கின் உடைமாற்றும் அறையிலும் பயிற்சித் திடலிலும் சேர்த்து அடித்துவிட்டார்கள், சுத்தம் செய்த செலவைக் கரோலினா கட்டியது.

கால்பந்தில் டியூக் பல பத்தாண்டுகள் சுமாராகத்தான் இருந்தது, ஆனால் பழைய பெருமை உண்டு. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு அப்புறம் மேற்குக் கரையில் கூட்டம் கூடக்கூடாது என்றதும், ரோஸ் பவுல் என்ற புகழ்பெற்ற புத்தாண்டுக் கல்லூரிக் கால்பந்து ஆட்டத்தையே 1942ல் கலிஃபோர்னியாவிலிருந்து டர்ஹமுக்கு மாற்றினார்கள். ஊரைத் தேடி ஆட்டம் வந்தும் டியூக் தோற்றது, 20–16.

கூடைப்பந்து டிக்கெட் கிடைக்காது என்றால் எதைப் பார்ப்பது?

தயங்காமல் சொல்வேன்: பெண்கள் கால்பந்து, அதாவது சாக்கர். என்னைப் பொறுத்தவரை கரோலினாவின் உண்மையான சாம்ராஜ்யம் இதுதான்.

ஆன்சன் டோரன்ஸ் என்ற பயிற்சியாளர் 1979ல் அந்த அணியைத் தொடங்கினார். 2024 ஆகஸ்டில் ஓய்வு பெறும் வரை அவர்தான். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் தேசியப் பட்டம் அவர் காலத்தில் மட்டும் 21. ஆண்கள் கூடைப்பந்தில் இரண்டு கல்லூரியும் நூறு வருடத்தில் வென்றதைக் கூட்டினால் 11 வருகிறது, பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பெண்கள் கால்பந்தின் பெரிய நட்சத்திரம் மியா ஹாம் அங்கே படித்தவர். 1992 இறுதி ஆட்டத்தில் எதிரில் நின்றது டியூக், முடிவு 9–1. கால்பந்தில் ஓர் இறுதி ஆட்டத்துக்கு இப்படி ஒரு முடிவு வரலாம் என்பதே பலருக்குத் தெரியாது. ஹாம் மட்டும் மூன்று கோல்.

டியூக் பெண்கள் பலமுறை நெருங்கியும் அந்தப் பட்டத்தை இன்னும் வெல்லவில்லை. 2024 டிசம்பரில் கேரியில், நம் ஆட்கள் நிறைய இருக்கிற அதே கேரியில், அரையிறுதியில் இரண்டும் மோதின. குளிர் காதைக் கடித்தது. என் பின்வரிசையில் ஒரு பத்து வயதுச் சிறுமி கருநீலச் சட்டை, அவள் அக்கா வெளிர்நீலச் சட்டை, நடுவில் அப்பா இரண்டு கழுத்துக் குட்டையும் போட்டுக்கொண்டு. கரோலினா 3–0. மூன்றாவது கோல் விழுந்ததும் சின்னவள் அப்பா கழுத்திலிருந்த வெளிர்நீலக் குட்டையை மட்டும் உருவிக் கீழே போட்டாள். மூன்று நாள் கழித்து வேக் ஃபாரஸ்ட் அணியை 1–0 என்று வென்று கரோலினா 22வது பட்டத்தை எடுத்தது. டோரன்ஸ் ஓய்வு பெற்ற அதே வருடத்தில்.

லக்ராஸும் வசந்தத்தில் பார்க்கலாம். வலை கட்டிய குச்சியால் பந்தைப் பிடித்து எறிகிற ஆட்டம். விதி புரிய அரைமணி, பிடித்துப்போக இன்னொரு அரைமணி.

டீன் ஸ்மித், கோச் கே: இருவரில் யார் பெரியவர்?

இதற்குப் பதில் சொல்லி இரண்டு நண்பர்களை இழந்திருக்கிறேன், அதனால் தகவலை மட்டும் வைக்கிறேன். ஸ்மித் 1961 முதல் 1997 வரை கரோலினாவில், 879 வெற்றி, 2 பட்டம். மைக்கேல் ஜோர்டன் அவரிடம் ஆடியவர். 1982 இறுதியில் ஜெயிக்க வைத்த எறிதல் முதலாமாண்டு மாணவனான ஜோர்டனுடையது. கோச் கே 1980 முதல் 2022 வரை டியூக்கில், 5 பட்டம், ராணுவக் கல்லூரியில் இருந்த காலத்தையும் சேர்த்து 1,202 வெற்றி. 17 வருடம் இருவரும் பக்கத்துப் பக்கத்து ஊரில் இருந்து மோதினார்கள்.

ஆனால் எண்களைவிட இதைச் சொல்லவேண்டும். ஸ்மித் 2015 பிப்ரவரி 7 அன்று இறந்தார். பதினொரு நாள் கழித்து கேமரன் அரங்கத்தில் டியூக்–கரோலினா ஆட்டம். தொடங்குவதற்கு முன் இரு அணி ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் நடுக்களத்தில் ஒரே வட்டமாக மண்டியிட்டுத் தோளோடு தோள் கோத்து நின்றார்கள். வெளிர்நீலமும் கருநீலமும் கலந்து. ஒன்பதாயிரம் பேர் சத்தம் போடாமல் இருந்ததை அந்த அரங்கத்தில் அதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை. அப்புறம் எழுந்து ஆடினார்கள், வழக்கம்போல ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு. கூடுதல் நேரத்தில் டியூக் 92–90.

அடுத்த மாதம் ஸ்மித்திடம் ஆடிய சுமார் 180 பேருக்கு ஆளுக்கு 200 டாலர் காசோலை தபாலில் வந்தது. கோச் செலவில் நல்ல சாப்பாடு சாப்பிடுங்கள் என்று உயிலில் எழுதி வைத்திருந்தார்.

2022ல் என்ன நடந்தது என்று இன்னும் பேசுகிறார்களே?

கோச் கேயின் கடைசி வருடம். மார்ச் 5, கேமரனில் அவருடைய கடைசி உள்ளூர் ஆட்டம், எதிரணி கரோலினா. அவரிடம் ஆடிய பழைய மாணவர்கள் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் வந்திருந்தார்கள். பாராட்டு விழாவுக்கு எல்லாம் தயார். கரோலினா 94–81 என்று ஜெயித்து விழா வீட்டை இழவு வீடாக்கிவிட்டது.

அது போதாதென்று, நான்கு வாரம் கழித்து நியூ ஆர்லியன்ஸில் தேசிய அரையிறுதி. நூறு வருடப் பகையில் என்சிஏஏ தேசியப் போட்டித் தொடரில் இரண்டும் சந்தித்தது அதுவே முதல் முறை. கடைசி அரை நிமிடத்தில் கேலப் லவ் எறிந்த மூன்று புள்ளி ஆட்டத்தைக் கொண்டுபோனது. கரோலினா 81–77. கோச் கே பயிற்சியாளராக உட்கார்ந்த கடைசி ஆட்டம் அதுதான். கரோலினா இறுதியில் கேன்சஸிடம் தோற்றது; சேப்பல் ஹில்லில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அப்படியானால் நிஜமாகவே வெறுக்கிறார்களா?

கத்துவதைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். எதிராளியை நரகத்துக்குப் போகச் சொல்லும் கோஷம் இரண்டு பக்கமும் உண்டு, ஊர்ப்பெயர் மட்டும் மாறும்.

ஆனால் 1933லிருந்தே இரண்டு நூலகங்களும் புத்தகங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒருவரிடம் இருப்பதை இன்னொருவர் வாங்கிச் செலவு செய்யவேண்டாம் என்று அப்போதே பேசி முடித்துவிட்டார்கள். 2000ல் ஜூலியன் ராபர்ட்சன் தம்பதி 2.4 கோடி டாலர் கொடுத்து ஓர் உதவித்தொகைத் திட்டம் தொடங்கினார்கள். அவர் கரோலினாவில் படித்தவர். மகன்களில் ஒருவர் டியூக், இன்னொருவர் கரோலினா. இந்த உதவித்தொகை வாங்கும் மாணவர்கள் இரண்டு இடத்திலும் பாடம் எடுத்து, ஒரு பருவம் எதிர்வளாகத்தில் தங்கிப் படிக்கவேண்டும். அதற்காக இரண்டு வளாகத்துக்கும் இடையே ஒரு பேருந்தும் விட்டார்கள்.

வட கரோலினாவில் காருக்குப் பின்பக்கம் மட்டும்தான் நம்பர் பிளேட் கட்டாயம். முன்பக்கம் உங்கள் இஷ்டம். பாதி வெளிர்நீலம், பாதி கருநீலம், 'பிளவுபட்ட வீடு' என்று எழுதிய தகடு மாட்டிய கார்களை வாகன நிறுத்தத்தில் பார்த்திருப்பீர்கள். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம்.

டர்ஹமில் வேறு கல்லூரி இல்லையா?

இருக்கிறது, அதன் கதையைச் சொல்லாமல் இந்தப் பக்கம் முழுமையாகாது. டியூக்குக்குச் சில கிலோமீட்டரில் கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரி, இன்றைய வட கரோலினா மத்தியப் பல்கலைக்கழகம். அதன் பயிற்சியாளர் ஜான் மெக்லெண்டன், கூடைப்பந்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித்திடமே படித்தவர். 1944ல் அவர் அணி யாராலும் அசைக்க முடியாதது. அப்போது வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து ஆடுவது தடை.

மார்ச் 12, ஞாயிறு காலை. ஊர் தேவாலயத்தில் இருந்த நேரம். டியூக் மருத்துவக் கல்லூரி அணியினர் சுற்றுவழியில் வண்டி ஓட்டி, தலையை மேலாடையால் மூடிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். கதவைப் பூட்டிவிட்டு ஆடினார்கள். மெக்லெண்டன் அணி 88–44. முடிந்ததும் இரு அணியையும் கலந்து இன்னோர் ஆட்டம். ஐம்பது வருடத்துக்கும் மேல் வெளியே யாருக்கும் தெரியாது.

என் பிள்ளை எதற்கு விண்ணப்பிக்கலாம்?

ஆட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று சொன்னால் கேட்கவா போகிறீர்கள்? சரி, கணக்கு இதுதான். கரோலினா வெளிமாநில மாணவர்களை 18 சதவீதத்துக்குள் நிறுத்துகிறது. எனவே இங்கே வசிப்பவர்களுக்கு வாய்ப்பும் அதிகம், கட்டணமும் பல மடங்கு குறைவு. டியூக் தனியார், பெரும்பாலான மாணவர்கள் வெளியிலிருந்து வருகிறவர்கள். ஆனால் 2023ல் டியூக் ஓர் அறிவிப்பு செய்தது: வட, தென் கரோலினா குடும்பங்களில் ஆண்டு வருமானம் 1,50,000 டாலர் வரை உள்ளவர்களுக்குப் படிப்புக் கட்டணம் முழுவதும் உதவித்தொகை. அதே வருடம் கரோலினாவும் 80,000 டாலருக்குக் கீழ் உள்ள உள்மாநிலக் குடும்பங்களுக்குக் கட்டணம் இல்லை என்றது. ஒருவர் வாசலில் கோலம் பெரிதானால் அடுத்தவர் வாசலிலும் பெரிதாகும். விண்ணப்பிக்கும் முன் இப்போதைய விதியை இரண்டு இடத்திலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் பார்க்கப் போகும்போது எந்த நிறத்தில் உடுத்துவது?

யார் வீட்டுக்குப் போகிறீர்களோ அவர்கள் நிறம் என்றால் தொல்லை இல்லை. எதிரணி நிறத்தில் போனாலும் கேலியோடு முடிந்துவிடும். வெள்ளை இருவருக்கும் பொது. முடிவெடுக்க முடியாவிட்டால் சாம்பல்.

சிவப்பு மட்டும் வேண்டாம். அது ராலியில் இருக்கும் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நிறம். எனக்குத் தெரியாமல் முதல் வருடம் தீபாவளிக்கு எடுத்த சிவப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போனேன். இரண்டு நீலமும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தன.